சின்னப்பர் கல்லறையில் அப்பாவின் தையல்

அப்பாவின் வலது கை வாதத்தில் விழுந்தபோது அம்மா செய்த பொருத்தனை இது: அந்தக் கை மறுபடியும் ஊசி பிடித்தால், முதலில் தைக்கும் துணியை உரோமையில் இருக்கும் சின்னப்பரின், அதாவது திருத்தூதர் பவுலின், கல்லறையில் வைத்து வணங்க வேண்டும். அப்பா தூத்துக்குடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். பட்டறைச் சுவரில் வாளேந்திய சின்னப்பர் படம் மட்டும்தான் இருக்கும். "அவரும் நம் தொழில்காரர்" என்பார். கை திரும்பியது. ஆனால் உரோமைக்குப் போக யாரிடம் பணம் இருக்கிறது? துணி பீரோவில் கிடந்தது. திருச்சபையின் புனித ஆண்டான 2025 யூபிலி ஆண்டுக்குத் திருப்பயணக் குழு கிளம்பியதும், நகையை அடகு வைத்து அம்மா என்னை அனுப்பிவிட்டார்.

யூபிலிக் கூட்டத்தைச் சொல்லி மாளாது. இராயப்பர் (பேதுரு) பேராலயத்துக்கு வெளியே, வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறோம் என்று தரகர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட்டே கிடையாது! எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கொடுத்த யூரோ கொடுத்ததுதான். புனிதத் தலத்தின் வாசலிலுமா இந்தப் பிழைப்பு?

சின்னப்பர் பேராலயம் பழைய நகர மதிலுக்கு வெளியே, ஓஸ்தியா சாலையில் இருக்கிறது. வழிகாட்டி கொடுத்த முக்கால் மணி நேரத்தில் பாதி, பைகளைச் சோதிக்கும் வரிசையிலேயே போயிற்று. 1823இல் தீக்கிரையாகி மறுபடி எழுப்பிய ஆலயம். தூண்களையும் திருத்தந்தையர் படங்களையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கால்கள் நேரே பீடத்துக்குப் போய்விட்டன.

பீடத்தின் அடியில் படியிறங்கினால் கல்லறைப் பேழையின் ஒரு பக்கம் தெரிகிறது. மேலே, அவரைக் கட்டியிருந்ததாக வணங்கப்படும் சங்கிலி. முழந்தாளிட்டு, அப்பா தைத்த துண்டை முன்னே விரித்தேன். கோணலான தையல். மன்றாட்டு எதுவும் வாயில் வரவில்லை. எபேசு நகரத் திருச்சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது சின்னப்பர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது: என் தேவைகளுக்காகவும் என்னோடு இருந்தவர்களின் தேவைகளுக்காகவும் இந்தக் கைகளே உழைத்தன என்றாரே! ஆட்டுமயிர்த் துணிக்குப் பேர்போன சிலிசியா நாட்டுத் தர்சில் பிறந்தவர். கொரிந்துக்கு வந்ததும் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். ஓய்வுநாள்தோறும் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் பேசினார். எவர் தயவிலும் நிற்காமல் நற்செய்தி சொல்ல அந்தத் தொழில் போதுமாயிருந்தது.

ஆண்டவர் அவரைத் தமஸ்கு வழியில் தடுத்தாட்கொண்டபோது பழையதை எல்லாம் பிடுங்கிக்கொள்ளவில்லை. யூதத் திருச்சட்ட ஆசிரியர் கமாலியேலின் காலடியில் கற்ற திருச்சட்டம் தொழுகைக்கூடங்களில் பேச உதவியது. ஏதென்சின் அரயோப்பாகு மன்றத்தில் அவர் எடுத்துச் சொன்ன கவிதை அடி அராட்டஸ் எழுதியது. அந்தப் புலவரும் சிலிசியாக்காரர்தான்! பிறப்பிலேயே வந்த உரோமைக் குடியுரிமையைக் காட்டிப் பிலிப்பியில் நடுவர்களை நடுங்க வைத்தார். அதைக் கொண்டே சீசரிடம் முறையிட்டு இந்த நகருக்கே வந்து சேர்ந்தார். இராயப்பருக்குச் சிலுவைச் சாவு, உரோமைக் குடிமகனைச் சிலுவையில் அறைவதில்லை என்பதால் இவருக்கு வாள் என்று மரபு சொல்வதும் அந்தக் குடியுரிமையால்தான். சாவிலிருந்து அது காப்பாற்றவில்லை. சிறுவயதில் அந்த வாளைப் பார்த்து இவர் போர்வீரர் என்று நினைத்திருந்தேன்.

காவலர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். துணியைக் காட்டி ஏதோ உளறினேன், தமிழில். அவருக்கு என்ன புரிந்ததோ, பின்னால் நின்றவர்களைச் சற்று நிறுத்தி வைத்தார். அவருக்காகவும் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொன்னேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "வைத்தாயா?" என்றார். "வைத்தேன் அம்மா." அப்பா போனை வாங்கி, "தையல் கோணலாக இருக்கிறதே, பார்த்திருப்பாரோ?" என்றார். பார்த்திருப்பார் அப்பா. தொழில் தெரிந்தவர் அல்லவா! சின்னப்பரே, உமக்குக் கோடி நன்றி. அந்தக் கைக்கு நன்றி. அடகு வைத்த நகை திரும்பட்டும், அப்பாவையும் அழைத்து வருகிறேன்.