பாஸ்கோடாங்க் ஆற்றங்கரையில் ஓர் இரும்புச் சுவர்

ராணிப்பேட்டைப் பக்கம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் நடத்தும்போது பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் எலிசபெத் சிட்டி கதையைச் சொல்வேன்.

அங்கே கடலோரக் காவல்படைத் தளத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்று முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது. அதன் தரைவழியே மண்ணில் இறங்கிய கழிவில் நீரில் எளிதாகக் கரையும் நச்சு வடிவமான குரோமியம்-6 இருந்தது, கூடவே உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் குளோரின் கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீனும். இரண்டும் நிலத்தடி நீரோடு சேர்ந்து பக்கத்திலேயே ஓடும் பாஸ்கோடாங்க் ஆற்றை நோக்கி நகர்ந்தன. 1996 ஜூனில் அந்த நீரோட்டத்தின் குறுக்கே 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று அதிக ஆழம், 60 செ.மீ. அகலத்தில் அகழி வெட்டி, 450 டன் இரும்புத் துகளால் நிரப்பினார்கள். ஒரே இயந்திரம் தோண்டிக்கொண்டே நிரப்பியது. ஒரே நாளில் வேலை முடிந்தது.

சுவர் என்று சொன்னாலும் அது தண்ணீரை மறிக்காது. மறித்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் சுற்றியுள்ள மண்ணைவிட அதில் நீர் எளிதாக ஊடுருவ வேண்டும். உள்ளே இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துத் துருவாகிறது. அதை வாங்கிக்கொள்ளும் குரோமியம்-6, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆகி, நீரில் கரையாத ஹைட்ராக்சைடாக அங்கேயே படிந்துவிடுகிறது. டிரைகுளோரோஎத்திலீன் தன் குளோரினை இழக்கிறது. சுவரைத் தாண்டிய நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் கீழே போனது. நம் நாட்டுக் குடிநீர் வரம்பு 0.05.

இந்த யோசனை பிறந்தது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில். நீர் மாதிரி எடுக்கும் குழாய்கள் சோதனை முடிவைக் கெடுக்கின்றனவா என்று பார்க்கப் போய், உலோகம் பட்டதும் குளோரின் கரைப்பான்கள் காணாமல் போவதைக் கண்டார்கள். ராபர்ட் கில்ஹாம் குழு அதை விடாமல் பிடித்துக்கொண்டு, 1991-இல் ஒன்டாரியோவின் போர்டன் ராணுவத் தளத்தில் மணலும் இரும்பும் கலந்து முதல் சுவரைப் பதித்தது. பிழை என்று ஒதுக்காமல் அதைத் துருவிப் பார்த்ததை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, மோட்டார் கிடையாது என்பது. நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் நிலையத்துக்குக் கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும், வருடாவருடம் பணம் வேண்டும். இங்கே நீரோட்டமே வேலையைச் செய்கிறது. அதற்காக அப்படியே விட்டுவிட முடியாது. கண்காணிப்புக் கிணறுகளில் தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும், நாளாக ஆகக் கார்பனேட் படிந்து துளைகள் அடைபடலாம்.

எங்கள் ஊரில் குரோமியம் உப்புகள் தயாரித்து, இப்போது மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. இங்கேயும் அதே குரோமியம்-6தான். "சார், நாமும் ஒரு சுவர் போடலாமே" என்று பிள்ளைகள் கேட்காத வருடம் இல்லை. நம் பக்கம் சில மீட்டர் மண்ணுக்குக் கீழே கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. எலிசபெத் சிட்டியின் மணல்போல அகழி வெட்டிவிட முடியாது. அதைவிட முக்கியம், குவியல் மேலே இருக்கும்வரை ஒவ்வொரு மழைக்கும் புதிதாகக் குரோமியம் இறங்கும். முதலில் குவியலை முழுதாக அகற்ற வேண்டும். அப்புறம் வெடிப்புகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கிணறு கிணறாக அளந்து, மேல்மண் ஆழமாக உள்ள இடங்களிலாவது இரும்பைப் பதித்துப் பார்க்கலாம்.