துடைத்த புகை

சென்னையில் ஒரு ரீடச்சிங் கம்பெனியில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். வரைந்து அச்சடித்த பழைய படங்களின் ஸ்கேன் வெளிநாட்டிலிருந்து வரும். மடிப்பு, கிழிசல், பழுப்புக் கறை எல்லாம் துடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மாதம் முழுக்கப் போயர் யுத்தப் படங்களாகவே வந்தன, அதாவது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளிக்காரர்களான போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த சண்டைகள். தென்னாப்பிரிக்கா என்றால் அதுவரை எனக்குக் காந்தியும் கிரிக்கெட்டும்தான்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் வருடம் போட வேண்டும். நானே ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன்: சிவப்புக் கோட்டு என்றால் 1881, முதல் போர், காக்கி என்றால் 1899க்கு அப்புறம், இரண்டாம் போர். 1881இல் மஜூபா மலையில் சண்டை போட்ட ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு இந்தியாவிலிருந்து போனது, காக்கியில்தான் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் ஏழெட்டு ஃபைல் போய்விட்டது. போயர்களை வைத்து வருடம் சொல்லவே முடியாது. பீரங்கிப் படை, போலீஸ் மாதிரி சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சீருடையே கிடையாது. தோட்டத்துக்குப் போகிற அதே கோட்டு, அதே தொப்பி.

வம்பு வந்தது கொலென்சோ படத்தில். 1899 டிசம்பர் 15, துகேலா ஆற்றங்கரை. போயர்களின் முற்றுகையில் கிடந்த லேடிஸ்மித் ஊரை மீட்கப் போன பிரிட்டிஷ் படை அன்று அடிவாங்கித் திரும்பியது. முன்னால் கொண்டுபோய் நிறுத்திய 12 பீரங்கிகளில் 10 போயருக்குப் போய்விட்டன. அவற்றை மீட்கப் போனவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸின் மகன். குண்டடிபட்டு இரண்டு நாளில் இறந்தார்.

படத்தில் முன்னால் குதிரைகள் பீரங்கியை இழுக்கின்றன. ஒன்று முட்டி மடங்கிச் சரிகிறது. அதன் கண்ணில் வெள்ளை மட்டும். பின்னால் ஆறு, அதற்கப்பால் மலைச்சரிவு. சரிவெல்லாம் உருண்டை உருண்டையாகப் பழுப்புப் புள்ளிகள், ஓரம் மங்கி. கறையேதான் என்று நினைத்தேன். நாற்பது க்ளிக்கில் மலை பளிச்சென்று ஆனது.

இரண்டு நாளில் ஃபைல் திரும்பி வந்தது. டீம் லீடர் என் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, “ஏன் தம்பி, புகையை எங்கப்பா காணோம்?” என்றார்.

அன்று ராத்திரி கொஞ்சம் தேடிப் படித்தேன். போயர்களின் மவுசர் துப்பாக்கியில் இருந்தது புகையில்லா வெடிமருந்து. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. போதாக்குறைக்கு, போயர் தளபதி போத்தா தன் ஆட்களைக் குழிவெட்டி உட்கார வைத்தது ஆற்றோரத்தில். பிரிட்டிஷ் பீரங்கிகள் போட்டுத் தாக்கியதோ பின்னாலிருந்த மலையை. ஆக, நான் துடைத்த துப்பாக்கிப் புகை அந்தச் சரிவில் இருந்திருக்கவே வாய்ப்பில்லை. இதை டீம் லீடரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, டெட்லைன் நேரம் வேறு.

ஓவியரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. போர்க்களத்து நிருபர்கள் கிறுக்கி அனுப்புகிற படம் கப்பலில் லண்டன் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம். அங்கே உட்கார்ந்திருப்பவர் அதை வைத்துப் பெரிதாக வரைவார். பல போர்களைப் பார்த்த போர்க்கள ஓவியர் மெல்டன் பிரையர் அப்போது லேடிஸ்மித்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்கே தெரியாத எதிரியை எப்படி வரைவது? இந்த வீரர்கள் யாரைப் பார்த்து இப்படிப் பதறுகிறார்கள் என்று வாசகன் கேட்பானே. புகை வைத்தால்தான் எதிரி இருப்பது தெரியும்.

களத்தில் இருந்தும் ஓவியர்கள் வரையாமல் விட்டவர்களும் உண்டு. காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். மதராஸ் மாகாணத்திலிருந்து, கொலென்சோ இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறிய கூட்டம் அதில் இல்லாமலா இருக்கும். கொலென்சோவில் காயம்பட்டவர்களைத் தூக்கி நடந்தவர்கள் இவர்கள். அந்த மாதம் என் கையில் வந்த எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை. நானூறு சதவீதம் ஜூம் பண்ணியே பார்த்தேன்.

அப்புறம் ஒரிஜினல் லேயரைத் திறந்து, புகையை ஒவ்வொன்றாக மீட்டேன். கூடவே நிஜக் கறையும் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தரம் பார்க்கிற க்யூசி டீம் ஓகே சொல்லிவிட்டது. அந்த மலையில் எது புகை, எது கறை என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.