ஒரே பெட்டிக்குள் 23 டேட்டாபேஸ்கள்

எங்கள் சர்வர் அறையில் 14 சர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறையின் அவசரத்துக்காக வாங்கியது. அவற்றில் ஓடிய 23 ஆரக்கிள் டேட்டாபேஸ்களையும் ஒரே எக்ஸாடேட்டா அப்ளையன்ஸுக்குள் கொண்டுவரும் வேலை என் குழுவுக்கு வந்தது.

டேட்டாபேஸுக்கென்றே சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் மூன்றையும் ஒரே ரேக்கில் கோத்துத் தரும் இயந்திரம் அது, 2008இல் அறிமுகமானது. சாதாரண அமைப்பில் பெரிய டேபிளை முழுக்கத் தேடினால் டேபிள் மொத்தமும் சர்வருக்கு வந்துசேரும், வேண்டாததை அங்கேதான் கழிக்க வேண்டும். இதில் அந்தச் சலிப்பு ஸ்டோரேஜிலேயே நடந்து, தேவையானது மட்டும் மேலே வருகிறது. ஸ்மார்ட் ஸ்கேன் என்பார்கள். ஆனால் முழு டேபிளையும் படிக்கும்போதுதான் அது வேலை செய்யும். ரிப்போர்ட்டுகள் வேகமாக ஓடட்டும் என்று ஆண்டுக்கணக்காக நாங்கள் சேர்த்துவைத்த இண்டெக்ஸ்களே (முழு டேபிளையும் படிக்காமல் வேண்டிய வரிக்கு நேராகப் போக உதவும் பொருளடக்கம் போன்றவை) இங்கே குறுக்கே நின்றன. அழிக்கத் துணிவில்லாமல் ஒவ்வொன்றாக இன்விசிபிள் ஆக்கி, அதாவது இருந்தும் டேட்டாபேஸ் பயன்படுத்தாதபடி மறைத்துப் பார்த்தோம். 40 நிமிடம் ஓடிய ஒரு விற்பனை ரிப்போர்ட் மூன்று நிமிடத்தில் முடிந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

டேட்டாவை நகர்த்தியது சில வார இறுதிகளில் முடிந்துவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு டேட்டாபேஸும் வீடே தனக்குத்தான் என்ற நினைப்பில் மெமரி கேட்டுப் பழகியது. எல்லாம் கேட்டதைக் கூட்டினால் இயந்திரத்தில் இருப்பதைவிட அதிகம். பாதிக்கு மேல் குறைத்தும் எதுவும் மெதுவாகவில்லை. இத்தனை நாள் வீணாக வைத்திருந்திருக்கிறோம். சிபியு விஷயத்தில் நான் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. முதல் மாதக் கடைசியில், டெஸ்ட் டேட்டாபேஸில் யாரோ ஓட்டிய ஒரு குவெரி, சிபியுவின் கணக்கிடும் அலகுகளான கோர்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள, சம்பளக் கணக்கு அப்படியே நின்றுவிட்டது. பழைய அறையில் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. மறுநாளே ரிசோர்ஸ் மேனேஜரைப் போட்டு, எந்த டேட்டாபேஸுக்கு எத்தனை கோர் என்று வரம்பு கட்டினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. சம்பளப் பிரிவில் நள்ளிரவு வரை காத்திருந்தவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடும் நாளை முடிவுசெய்வதும் லேசாக இல்லை. முன்பு ஒரு சர்வரை நிறுத்த ஒரு துறையைக் கேட்டால் போதும். இப்போது ஒன்பது துறைகள் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதிக்க வேண்டும்.

பழைய சர்வர்களை உடனே அணைத்துவிடாமல், நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தோம். 11ஆம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. காலாண்டு வரிக் கணக்கு திறக்கவில்லையாம். எங்கள் பட்டியலில் இல்லாத, யார் நிறுவியது என்றே தெரியாத டேட்டாபேஸ் ஒன்று ஆறாவது சர்வரில் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, பட்டியலில் 24 என்று எழுதினேன்.