சின்ன காருல கிளட்ச் பெடல் எங்க போச்சு?

சின்ன கார் பாக்கலாம்னு போனா பல மாடல்ல மேனுவல் அடிமட்ட வேரியண்ட்ல மட்டும்தான் இருக்கு, நல்ல எஞ்சின் நல்ல சீட்டு வேணும்னா ஆட்டோமேட்டிக்தான் எடுக்கணும், இது எனக்கு சுத்தமா புடிக்கல. 1976ல வந்த ஃபோக்ஸ்வாகனோட ஸ்போர்ட்டி சின்ன கார் கோல்ஃப் ஜிடிஐ கூட 2024ல புதுப்பிச்சப்போ மேனுவல விட்டுருச்சு, மனசே கஷ்டமா போச்சு. டிராஃபிக்ல ஆட்டோமேட்டிக் சுகம்தான், மறுக்கல. ஆனா ஏஎம்டின்னு விக்கற ஆட்டோமேட்டிக் உள்ள அதே மேனுவல் கியர்பாக்ஸ்தாங்க, நம்ம காலுக்கு பதிலா ஆக்சுவேட்டர்ங்கற ஒரு கருவி கிளட்ச்ச இயக்குது, அதான் ஒண்ணுலருந்து ரெண்டுக்கு மாறும்போது தலை லேசா முன்னாடி போய்ட்டு வருது. சிவிடின்னு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக், அதுல கியருக்கு பதிலா பெல்ட்டும் புல்லியும்தான், குலுக்கல் இல்ல, ஆனா அழுத்தி மிதிச்சா சத்தம் முதல்ல வரும் வேகம் அப்புறம்தான் வரும். டொயோட்டா ஜிஆர் கொரோல்லாவுல மேனுவல், ஆட்டோமேட்டிக் ரெண்டும் குடுக்கறாங்கல்ல, அதே மாதிரி எல்லாரும் குடுங்கப்பா, எது வேணும்னு ஓட்டறவங்க முடிவு பண்ணட்டும்.