பனியனோடு பார்த்த தோள்

தோள்பட்டை எலும்பில் 17 தசைகள் ஒட்டுகின்றன. படிக்கிற காலத்தில் அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். எலும்பைக் கையில் கொடுத்தால் வலதா இடதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தண்டையார்பேட்டையில் வாடகைக்கு அறை பிடித்து பிசியோதெரபி ஆரம்பித்தபோதும் அந்தத் திமிர் இருந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார் தூக்குகிறவர் ஒருவர் வந்தார். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. வயது நாற்பதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போனது என்று முடிவு கட்டி, மெழுகு ஒத்தடம், கப்பியில் கயிறு என்று இரண்டு வாரம் ஓட்டினேன். நான் பிடித்துத் தூக்கினால் கை காதுவரை தடையில்லாமல் போனது. மூட்டு இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் போகாது. அது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு நாள் கிளம்பும்போது சுவரில் கையை ஊன்றிச் செருப்பு மாட்டினார். பனியனுக்குள் பட்டை எலும்பின் உள்ளோரம் முறத்தின் விளிம்பு போலத் துருத்திக்கொண்டு வந்தது. "அண்ணா, பனியனைக் கழட்டுங்க" என்றேன், முதல் தடவையாக. இரண்டு கையாலும் சுவரைத் தள்ளச் சொன்னேன். இடப்பக்கம் முதுகோடு படிந்திருந்தது. வலப்பக்கம் விரலை உள்ளே விடலாம் போல இருந்தது.

ஆட்டு முன்னங்கால் வாங்கினால் மேலே தட்டையாக வருமே, அதே எலும்புதான். மனிதனில் உடம்போடு அதற்கு இருக்கும் ஒரே எலும்புத் தொடர்பு, கழுத்துக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் காறை எலும்பு வழியாகத்தான். விலா மேல் அதைப் பிடித்து வைத்திருப்பது சதை. அதில் முக்கியமானது செரேட்டஸ் ஆன்டீரியர்: மேல் எட்டு ஒன்பது விலாக்களில் கிளம்பி, எலும்புக்கு அடியில் புகுந்து, உள்ளோரத்தைப் பிடித்துக்கொள்கிறது. குத்துச்சண்டைக்காரன் தசை என்பார்கள். கையை 180 டிகிரி தூக்கினால் அதில் சுமார் 60 இந்தப் பட்டை எலும்பு சுழன்று தருவது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி மார்பின் பக்கவாட்டில் தோலுக்குக் கொஞ்சம் உள்ளேதான் ஓடுகிறது. தோளில் பாரம் ஏற்றி ஏற்றி அது நைந்திருக்க வேண்டும். நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். பரிசோதனையில் அதுதான் என்று வந்தது.

தேற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட, அதுவரை தோளில் சுமை கூடாது என்றேன்.

"அப்போ இத்தினி நாளு இன்னாத்துக்கு சார் மெழுகு ஊத்தினே?"

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் வந்தார்.

பதினோராம் மாதம் கை தானாகக் காதைத் தொட்டது. ஐஸ் தூக்கப் போகவில்லை. ஏலக் கூடத்தில் கூடை எண்ணுகிறார். மெழுகுக்கு வாங்கிய காசை அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.