ஒத்த சதவீதத்தை மட்டும் பார்த்து நொதிக்குப் பெயர் வைக்காதீர்கள்

ஒரு பாக்டீரியாவின் ஜீனோம் கையில் இருக்கிறது. அது ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளுமா, இல்லை வெளியிலிருந்து கொடுக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும். வழக்கமாக என்ன செய்கிறோம்? ஈ. கோலையின் நொதி வரிசையை எடுத்து, அந்த ஜீனோமின் புரதங்கள்மீது, ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் நிரலை ஓட்டுகிறோம். ஈ-மதிப்பு, அதாவது இவ்வளவு நல்ல பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை வரும் என்ற எண், 10⁻⁵⁰ என்று வந்ததும் 'கிடைத்துவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு புரதங்களும் உறவுக்காரர்கள் என்பதோடு ஈ-மதிப்பின் பேச்சு முடிந்தது. இரண்டும் ஒரே வேலை செய்கின்றன என்று அது சொல்வதே இல்லை.

ஐசோலூசின் பாதையின் முதல் நொதியான திரியோனின் டிஅமினேஸையே எடுத்துக்கொள்வோம். ஈ. கோலையில் இந்த வினைக்கு இரண்டு புரதங்கள் உண்டு. இல்வி-ஏ என்பது 514 அமினோ அமில நீளம், ஐசோலூசின் தயாரிப்புக்கானது. டிடிசி-பி 329 நீளம். ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் திரியோனினை உடைப்பதற்கானது. முன்பகுதி இரண்டிலும் ஒரே சாடை. வினைக்குத் தேவையான பிஎல்பி துணைக்கூறு ஒட்டும் லைசின், இல்வி-ஏயில் 62ஆம் இடத்திலும் டிடிசி-பியில் 58ஆம் இடத்திலும் இருக்கிறது. வேறுபாடு வால்பக்கம்தான். ஐசோலூசின் மிகுந்தால் நொதியை நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி இல்வி-ஏயில் மட்டுமே உண்டு. இல்வி-ஏயின் முழு வரிசையைக் கொடுத்துத் தேடும்போது பொருத்தம் முதல் 320 இடங்களோடு நின்றுவிட்டால் கவரேஜ், அதாவது வரிசையில் பொருந்திய பங்கு, 62 சதவீதம்தான். அந்த எண்ணைப் பார்த்ததும் டிடிசி-பி நினைவுக்கு வர வேண்டும். அதற்காக உடனே தள்ளிவிடவும் கூடாது: பேசில்லஸ் சப்டிலிஸின் இல்வி-ஏ 422 நீளமே, ஆனாலும் அது ஐசோலூசினுக்கானதுதான்.

எல்லை எண்கள் வேண்டுமென்றால், அமினோ அமிலப் பாதைகளை ஜீனோமில் தேடித்தரும், 2020இல் வெளியான கேப்மைண்ட் கருவியின் விதிகள் நல்ல தொடக்கம். சோதனையால் வேலை உறுதியான ஒரு புரதத்தோடு குறைந்தது 40 சதவீத ஒற்றுமை, 80 சதவீத கவரேஜ் இருக்க வேண்டும். அதோடு மூன்றாவதாக ஒரு நிபந்தனை: வேறு வேலை செய்யும் எந்தப் புரதத்தோடு ஒப்பிட்டாலும் வரும் பிட் மதிப்பெண்ணைவிட (பிளாஸ்ட் பொருத்தத்துக்குத் தரும் மதிப்பெண்) இது 10 பிட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். என் கணிப்பில் முதல் இரண்டையும்விட இதுவே முக்கியம். கிடைத்த புரதத்தை எடுத்து, வேலை உறுதியான புரதங்கள் அனைத்தின்மீதும் திருப்பி ஓட்டுங்கள். முதலில் வருவது யார், இரண்டாவது யார், இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். திருப்பி ஓட்டும் தொகுப்பில் கணினி தானாகப் பெயரிட்ட வரிசைகளைச் சேர்க்காதீர்கள். ஒருமுறை தவறாக வைத்த பெயர் நகலுக்கு நகல் பரவி, ஆயிரம் சாட்சிகள் போல வந்து நிற்கும்.

தேடும் வரிசை, கிடைத்த வரிசை என்று கவரேஜை இரண்டு பக்கமும் கணக்கிட வேண்டும். ஈ. கோலையின் லைஸ்-சி 449 நீளமுள்ள அஸ்பார்டேட் கைனேஸ். திர்-ஏ 820 நீளம். முன்பாதி அதே கைனேஸ், பின்பாதி ஹோமோசெரின் டிஹைட்ரோஜினேஸ். லைஸ்-சியைக் கொண்டு தேடினால் திர்-ஏ அழகாகப் பொருந்தும். அதன் மறுபாதி கண்ணுக்கே படாது.

லூசின் பாதையின் லியூ-ஏவைத் தேடும்போது ஒரே ஜீனோமில் இரண்டு பொருத்தங்கள் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அசிட்டைல்-கோஏவை ஒரு கீட்டோ அமிலத்தோடு இணைக்கும் குடும்பம் இது. 2-ஆக்ஸோஐசோவேலரேட்டோடு இணைத்தால் லியூ-ஏ, பைருவேட்டோடு இணைத்தால் சிம்-ஏ, 2-ஆக்ஸோகுளுட்டரேட்டோடு இணைத்தால் ஹோமோசிட்ரேட் சிந்தேஸ். லெப்டோஸ்பைரா இன்டெரோகன்ஸ் திரியோனினைத் தொடாமல், சிம்-ஏ வழியாக ஐசோலூசின் செய்கிறது. அங்கே இல்வி-ஏவைத் தேடிக் காணாமல் 'ஐசோலூசின் பாதை இல்லை' என்று எழுதினால் அது நம் பிழை.

இன்னும் சிக்கலான இடம் டிரிப்டோஃபேன். ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலரிலும் காசநோய்க் கிருமியிலும் அந்தப் பாதையின் ஒரு படிக்கான டிரிப்-எஃப் மரபணுவே கிடையாது. ஆனாலும் இரண்டும் டிரிப்டோஃபேன் செய்கின்றன. 2003இல் பரோனா-கோமெஸும் ஹாட்ஜ்சனும் விடை சொன்னார்கள்: ஹிஸ்டிடின் பாதையின் ஹிஸ்-ஏ நொதி போன்ற ஒரு புரதமே ஹிஸ்-ஏ, டிரிப்-எஃப் இரண்டின் வேலையையும் செய்கிறது. அதற்கு ப்ரை-ஏ என்று பெயர். வரிசை அடுக்கலில் பாருங்கள். தெர்மோடோகா மாரிடிமாவின் டிரிப்-எஃப்பில் 7ஆம் இடத்தில் சிஸ்டீன். அதே உயிரியின் ஹிஸ்-ஏவில் அதற்கு நேரே 8ஆம் இடத்தில் அஸ்பார்டேட். காசநோய்க் கிருமியின் ப்ரை-ஏவிலும் அங்கே அஸ்பார்டேட்தான், 11ஆம் இடத்தில். அதாவது வினை நடக்கும் இடமே 'நான் ஹிஸ்-ஏ' என்கிறது. டிரிப்-எஃப்பைக் கொண்டு எவ்வளவு தேடினாலும் இது பிடிபடாது.

ஹிஸ்டிடின் பாதையின் ஹிஸ்டிடினால் பாஸ்பேட்டேஸ் நொதியிலும் இதே போன்ற சிக்கல்தான். ஈ. கோலையில் அது ஹிஸ்-பியின் முன்பகுதி. பேசில்லஸில் பிஎச்பி குடும்பத்தின் ஹிஸ்-ஜே. கோரினிபாக்டீரியத்தில் இனோசிட்டால் மோனோபாஸ்பேட்டேஸ் குடும்பத்தின் ஹிஸ்-என். மூன்றுக்கும் உறவே கிடையாது, ஆகவே மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பாதையின் ஒரு படி நொதியில்லாமல் காலியாக நின்றால், புரதப் பட்டியலை மூடிவிட்டு டிஎன்ஏவிடம் போங்கள். டிஎன்ஏவை ஆறு சட்டகங்களிலும் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஆறு வழிகள்) புரதமாக மொழிபெயர்த்துத் தேடும் டிபிளாஸ்ட்என், மரபணு கணிக்கும் மென்பொருள் தவறவிட்டதைக் காட்டும். ஒரே எழுத்து வரிசையாகத் திரும்ப வரும் இடங்களில் டிஎன்ஏவைப் படிக்கும் நானோபோர் கருவி ஓர் எழுத்தை விழுங்கியிருந்தால் சட்டகம் நழுவி, ஒரு நொதி இரண்டு துண்டாகத் தெரியும். கான்டிக் (ஜீனோமைக் கோக்கும்போது கிடைக்கும் தொடர் துண்டு) முனையில் அறுபட்ட மரபணுவும் பாதிக் கவரேஜோடுதான் வரும்.

அதற்கு மேல் சோதனைதான். முதலில் அந்த அமினோ அமிலம் இல்லாத குறைந்தபட்ச ஊடகத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் காலியிடம் நம் அறிவில்தான். பிறகு, அந்த மரபணுவை இழந்த ஈ. கோலைக்குள் சந்தேக மரபணுவைச் செலுத்தி, வளர்ச்சி மீள்கிறதா என்று பார்க்கலாம். வெற்று பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டிஎன்ஏ வளையம்) செலுத்திய தட்டு ஒன்றும், அமினோ அமிலம் சேர்த்த தட்டு ஒன்றும் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். நகல் எண்ணிக்கை குறைந்த பிளாஸ்மிட்டையே எடுங்கள். நகல் அதிகமானால், பக்கவாட்டில் சொற்பமாக அந்த வினையைச் செய்யும் வேறொரு நொதிகூட அளவு மிகுந்து செல்லைக் காப்பாற்றிவிடும்.