டெசிபல் சரி, யார் காதுக்கு?

"லைனில் இரைச்சல் மைனஸ் 60" என்று யாராவது ரிப்போர்ட் நீட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த ஃபில்டர் போட்டு அளந்தது, எத்தனை ஓமில் முடித்து அளந்தது என்று எழுதாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரான்ஸ்மிஷன் பக்கம் இருந்தபோது எங்கள் மேஜையில் லைன் இரைச்சலை அளக்கும் சோஃபோமீட்டர் இருக்கும். பார்த்தால் வோல்ட்மீட்டர்தான், உள்ளே இருக்கும் ஃபில்டரில்தான் விஷயம். மறுமுனையில் 600 ஓம் போட்டுவிட்டு இந்தப் பக்கம் அளப்போம். 800 ஹெர்ட்ஸில் வருவதை அது முழுதாக எடுத்துக்கொள்ளும். கரண்ட் கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையோ 63 டெசிபல் குறைத்துவிடும். அதாவது திறனில் ஏறக்குறைய 20 லட்சத்தில் ஒரு பங்கு! "ஏமாத்து வேலையா இருக்கே சார்" என்பார்கள் புதிதாக வந்த பையன்கள். ஏமாற்று இல்லை. ரிசீவரும் காதும் 50 ஹெர்ட்ஸைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பேசுகிறவரைப் படுத்துவது 350, 550 என்று வரும் அதன் மடங்குகள். ஈரம் பட்டு ஜோடியில் ஒரு கம்பி எர்த் ஆனால் போதும். அதுவரை இரண்டு கம்பியிலும் சமமாக வந்து கழிந்துபோனதெல்லாம் காதில் கேட்க ஆரம்பிக்கும்.

பேச்சை எண்களாக மாற்றி அனுப்பும் பிசிஎம் வந்த பிறகு, யாரும் பேசாத லைனை அளப்பது பாதி வேலைதான். அலையின் அளவை அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்குவதால் வரும் குவாண்டைசேஷன் இரைச்சல் பேச்சோடு சேர்ந்தே பிறக்கிறது. அதனால் ஒரு தொனியை அனுப்பி, மறுமுனையில் அதை மட்டும் நாட்ச் ஃபில்டரால் வெட்டிவிட்டு மிச்சத்தை அளக்க வேண்டும். தொனியைச் சரியாக 1000 ஹெர்ட்ஸில் வைப்பதில்லை, 1004 அல்லது 1020. நொடிக்கு 8000 சாம்பிள் எடுக்கும்போது 1000 வைத்தால் அலையின் அதே எட்டு இடங்களைத்தான் திரும்பத் திரும்பத் தொடும், இரைச்சல் சரியாகத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த சின்ன தந்திரம் இது.

அப்புறம் அதே டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் தரும் ஏடிஎஸ்எல் வந்தது. சோஃபோமீட்டர் சுத்தம் என்று சொன்ன லைனில் நெட் அறுந்து அறுந்து வரும். அங்கே வேலை நடப்பது 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தக் கருவியோ பேச்சு அலைவரிசைக்கு மேலே எதையும் பார்க்காது. மோடமே 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தொனி தொனியாக இரைச்சலை அளந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் டேட்டா அனுப்பலாம் என்று அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 167-வது தொனியில் வந்து உட்காரும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி அதைப் பிடித்துவிட்டால், இந்த ஒதுக்கீட்டைக் காட்டும் பிட் வரைபடத்தில் அந்த இடத்தில் குழி விழும். வீட்டில் ரேடியோவே இல்லாதவரிடம் இதை விளக்குவது தனிப் பாடு.